காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு விநாடி கடகடப்பு: டைமிங் செயினா, வேறேதாவதா?

#1 கிலுகிலுப்பை

வணக்கம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், இன்டேக் பக்கம் மட்டும் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு). ஓடியது 1,40,000 கிமீ.

மூன்று மாதமாக ஒரு தொல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் பிடித்த நொடியிலிருந்து இரண்டு மூன்று விநாடிக்குத் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். பிறகு துடைத்துப் போட்டது மாதிரி நின்றுவிடுகிறது. அன்றைக்குப் பத்து தடவை நிறுத்திக் கிளப்பினாலும் மறுபடி வராது. நாலைந்து மணி நேரம் நின்றால் மட்டும் லேசாக, அரை விநாடி.

செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. இழுவை குறையவில்லை. இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் பானெட்டைத் திறக்காமலே "செயின் கிட் மாத்திடுங்க" என்றார். மற்றவர் "வயசான வண்டி அப்படித்தான் பேசும், ஓட்டுங்க" என்றார். இருவருமே சத்தத்தைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அங்கே ஓட்டிப் போனதிலேயே எஞ்சின் சூடாகிவிட்டதே.

யாரை நம்புவது?

#2 ஆயில்கேன்

டென்ஷனர் போச்சு ப்ரோ. மாத்துங்க, வேலை முடிஞ்சுது.

#3 பழையஸ்பேனர்

ஆயில்கேன் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் சத்தத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னவர்கள் இப்போது மூன்று பேர்.

தம்பி, அந்த இரண்டு விநாடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கும் அச்சு) ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பது செயின். செயினின் ஒரு பக்கம் கிராங்க் இழுப்பதால் எப்போதும் விறைப்பாக இருக்கும். மறுபக்கம் தொய்வுப் பக்கம். அந்தத் தொய்வை ஒரு வளைந்த கைடு அழுத்திப் பிடிக்கிறது, கைடின் முதுகைத் தள்ளுவது டென்ஷனர். டென்ஷனருக்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு பிளஞ்சர், ஆயில் திரும்பிப் போகாமல் தடுக்கும் சின்ன குண்டு வால்வு, பெரும்பாலும் பிளஞ்சர் பின்வாங்காமல் பிடிக்கும் பல் அமைப்பான ராட்செட்டும் இருக்கும். ஓடும்போது பிளஞ்சரைத் தாங்குவது ஆயில் பிரஷர்தான். ஸ்பிரிங் மட்டும் அதற்குப் போதாது.

ராத்திரி முழுக்க நின்றால் ஆயில் பாதைகளில் இருந்தது மெல்லக் கீழே இறங்கிவிடும். காலையில் பம்ப் மறுபடி ஏற்றி டென்ஷனரை எட்டும்வரை ஸ்பிரிங் மட்டும் தனியாக நிற்கிறது. செயின் தேய்ந்திருந்தால், கைடு குழிந்திருந்தால், டென்ஷனர் ஆயிலைப் பிடித்து வைக்காவிட்டால் அந்த இடைவெளியில் செயின் துள்ளிக் கைடிலும் கவரிலும் அடிக்கும். பிரஷர் வந்ததும் அடங்கும். நீங்கள் சொல்லும் கதை இதோடு பொருந்துகிறது.

ஆனால் இதே கதையைச் சொல்லும் ஆள் இன்னொருவர் இருக்கிறார், விவிடி ஃபேசர், கேமின் முனையில் இருந்து அதன் கோணத்தை மாற்றும் பகுதி. எஞ்சின் நிற்கும்போது ஃபேசரை ஒரு லாக் பின் பூட்டி வைக்க வேண்டும். பின் தேய்ந்தாலோ குழிக்குள் சரியாக உட்காராவிட்டாலோ, ஆயில் வரும்வரை உள்ளே உள்ள இறக்கைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதும். அதுவும் ஒன்றிரண்டு விநாடிதான். அதற்கு செயின் கிட் மாற்றினால் செலவு மட்டும் ஆகும், சத்தம் அப்படியே இருக்கும்.

ஆகவே சில கேள்விகள். கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்? என்ன கிரேடு? ஃபில்டர் எந்த நிலையில் மாட்டியிருக்கிறது: வாய் மேலேயா, கீழேயா, படுக்கையாகவா? இப்போது டிப்ஸ்டிக்கில் எவ்வளவு?

#4 அரைத்திருகு

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. கோல்ட் ஸ்டார்ட் என்றதும் குளிர்காலம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே பேசுவது ஆறிப்போன எஞ்சினை. வெயில் கொளுத்தும் நாளிலும் எட்டு மணி நேரம் நின்ற எஞ்சின் ஆறிய எஞ்சின்தான்.

எல்லாக் காலைச் சத்தமும் செயின் இல்லை. நான் பார்த்தவரை ஏமாற்றுபவை இவை. டேப்பட்: ஹைட்ராலிக் லிஃப்டர் காலியானால் சீரான டிக்டிக், சில நேரம் நிமிடக்கணக்கில் நீளும். பிஸ்டன் ஸ்லாப்: மந்தமான தட்டல், எஞ்சின் சூடேறச் சூடேற மெல்லத் தேயும், சட்டென்று நிற்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தால் வரும் டிக்டிக் உலோகம் விரிந்ததும் மறையும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அது கூடும். ஹீட் ஷீல்டு அதிரும், ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான். பெல்ட் டென்ஷனர் பேரிங் கரகரக்கும். ஸ்டார்ட்டர் பினியன் பின்வாங்காமல் இழுபடும் கிறீச்சொலியைக்கூட செயின் என்று ஒருவர் கொண்டுவந்திருக்கிறார்.

இரண்டு மூன்று விநாடியில் சட்டென்று நின்றால் காரணம் ஆயில் பிரஷரோடு சேர்ந்தது. மெல்லத் தேய்ந்து நின்றால் வெப்பத்தோடு சேர்ந்தது. முதல் பிரிவு இதுதான், இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

#5 கிலுகிலுப்பை

சட்டென்றுதான் நிற்கிறது. கத்தரித்தது மாதிரி.

ஆயில் மாற்றி 9,000 கிமீ ஆகிறது. மேனுவலில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது, அதுதான் ஊற்றினார்கள் என்று நம்புகிறேன். ஃபில்டர் எஞ்சினின் பக்கவாட்டில், வாய் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்த மாதிரி. டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, குறைந்தபட்சக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே.

#6 மலைவண்டி

20டபிள்யூ-50 ஊத்துங்க அண்ணா. எங்க பெரியப்பா வண்டியில இதே சத்தம், கெட்டி ஆயில் ஊத்தினதும் கப்சிப்.

#7 பழையஸ்பேனர்

மலைவண்டி தம்பி, உங்கள் பெரியப்பா வண்டி எது என்று தெரியாது. இந்த எஞ்சினில் அதைச் செய்ய வேண்டாம். 5டபிள்யூ என்பதில் உள்ள 5, ஆறிய நிலையில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்லும் எண். 20டபிள்யூ ஆயில் ஆறியிருக்கும்போது கெட்டி, பம்ப் அதை மேலே தள்ள அதிக நேரமாகும். நமக்குப் பிரச்சினையே அந்த முதல் விநாடிகள். கெட்டி ஆயில் சூடான பிறகு இடைவெளிகளை நிரப்பிச் சில சத்தங்களை மூடிவிடும், உண்மைதான். மூடிய சத்தத்தின் அடியில் தேய்மானம் தொடரும். விவிடியின் சோலனாய்டு (ஆயிலைத் திருப்பிவிடும் மின் வால்வு) பாதைகள் மெல்லியவை, அவையும் அந்தக் கெட்டி ஆயிலை எதிர்பார்த்துச் செய்யப்படவில்லை.

ஆயில் பற்றிப் பேசும்போதே ஒன்று. டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கரித்துகள் ஆயிலில் கலக்கும், பெட்ரோலும் கலந்து ஆயிலை நீர்க்க வைக்கும். அந்த நுண்கரி செயினின் பின்களுக்கும் புஷ்களுக்கும் இடையே மணல்தாள் போல வேலை செய்யும். இது பெரிய சிக்கலானதால்தான் 2020 மே மாதம் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி ஆயில் தரத்தில் செயின் தேய்மானத்துக்கென்றே தனிச் சோதனையைச் சேர்த்தார்கள், பெயர் சீக்வன்ஸ் எக்ஸ். டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எஸ்என் ஆயிலுக்கு அந்தச் சோதனை கிடையாது.

கிலுகிலுப்பை தம்பி, முதலில் ஆயிலை அளவுக்கு நிரப்புங்கள். லெவல் கீழே இருக்கும்போது செய்யும் எந்தச் சோதனையும் நம்பத்தக்கதல்ல. பிறகு மூன்று காலை, மூன்று சோதனை.

முதல் காலை: வண்டியை அசைக்காமல், பானெட்டைத் திறந்து, போனை எஞ்சினின் செயின் பக்கம் வைத்துப் பதிவு செய்துகொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அந்தப் பதிவு உங்கள் சாட்சி.

இரண்டாவது காலை: முந்தின இரவே ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். காலையில் பத்து விநாடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் இருந்தாலும் பத்து விநாடியில் ஒன்றும் ஆகாது. சத்தம் இன்னும் இருந்தால் பெல்ட்டில் ஓடும் சாமான்கள் எதுவும் குற்றவாளி இல்லை. மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

மூன்றாவது காலை: ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் பெட்ரோல் எஞ்சின்கள் அப்போது பெட்ரோலை நிறுத்திவிடும், எஞ்சின் பிடிக்காமல் சும்மா சுழலும். எட்டு விநாடி சுழற்றி, அரை நிமிடம் விட்டு, மறுபடி எட்டு விநாடி. பிறகு காலை எடுத்துவிட்டு வழக்கம்போல் ஸ்டார்ட். சத்தம் இல்லாமல் எழுந்தால், ஆயில் வந்து சேராததுதான் சத்தத்துக்குக் காரணம் என்பது உறுதி. ஆயில் ஏறிய பிறகும் அதே கடகடப்பு இருந்தால் தேய்மானம் எல்லை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

#8 அரைத்திருகு

மூன்றாவது சோதனைக்கு ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் முழு மிதிப்பு பெட்ரோலை நிறுத்தாது. எஞ்சின் பிடிப்பது போலத் தெரிந்தால் உடனே காலை எடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் இல்லாமல் சீறி எழும். அப்படிப்பட்ட வண்டியில் இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துவிட்டுச் செய்யலாம்.

#9 கிலுகிலுப்பை

ஆறு நாள் கழித்து வருகிறேன்.

ஆயில் நிரப்பியதும் மூன்று விநாடி இரண்டானது. பெல்ட் இல்லாமலும் சத்தம் அப்படியே. மூன்றாவது சோதனையில் பெட்ரோல் நின்றது, எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டு தடவை சுழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை! மறுநாள் சுழற்றாமல் கிளப்பினேன், கடகட. அதற்கு மறுநாள் சுழற்றிவிட்டு, அமைதி. ஒரு வினோத சந்தோஷம், நோய் இன்னதென்று தெரியாவிட்டாலும் அதை வரவழைக்கவும் நிறுத்தவும் முடிகிறது.

தினமும் இப்படியே சுழற்றிவிட்டு ஓட்டலாமா?

#10 பழையஸ்பேனர்

ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் உங்களைச் சபிக்கும். வேண்டாம்.

அடுத்தது ஃபில்டர். அதன் உள்ளே, ஆயில் நுழையும் ஓட்டைகளை மூடும் ரப்பர் மடல் ஒன்று உண்டு, எஞ்சின் நின்றபின் ஆயில் திரும்பி ஓடாமல் தடுப்பது அதன் வேலை. மட்டமான ஃபில்டரில் அந்த ரப்பர் வெப்பத்தில் விறைத்துப்போய்ப் பேருக்கு இருக்கும். சிலிக்கோன் மடல் நீண்ட நாள் மெத்தென்று இருக்கும். வாய் கீழே சாய்ந்த ஃபில்டருக்கு இந்த மடல்தான் உயிர். வாய் மேலே நோக்கிய ஃபில்டராக இருந்தால் நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். சூடான எஞ்சினில் வேண்டாம், ராத்திரி நின்ற எஞ்சினில் காலையில் கழற்றுங்கள். ஃபில்டர் கனமாக, ஆயில் நிறைந்து வருகிறதா, காலி டப்பாவாக வருகிறதா என்று பாருங்கள். மொத்தச் சோதனையிலும் மலிவானது இது.

#11 கிலுகிலுப்பை

காலி டப்பா! தலைகீழாகக் கவிழ்த்தபோது இரண்டு ஸ்பூன் ஆயில் வந்திருக்கும். மடலை விரலால் அழுத்தினேன், பழைய செருப்பு வார் மாதிரி விறைப்பு.

எஞ்சினை உற்பத்தி செய்தவர்கள் சொல்லும் ஃபில்டர், எஸ்பி தர 5டபிள்யூ-30. மறுநாள் காலை ஸ்டார்ட்: ஒரு "டக்", அவ்வளவுதான். அரை விநாடிகூட இல்லை. ஸ்பேனர் அண்ணனுக்குக் கோயில் கட்ட வேண்டும்.

#12 ஆயில்கேன்

சரி சரி, நான் அவசரப்பட்டேன். ஒத்துக்கிறேன்.

#13 ஸ்கோப்ரசிகன்

கோயில் வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நல்ல டென்ஷனர் தனக்குள்ளேயே கொஞ்சம் ஆயிலைப் பிடித்து வைத்திருக்கும், குண்டு வால்வு இருப்பதே அதற்குத்தான். பாதைகள் காலியானாலும் அது ஒன்றிரண்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஃபில்டர் காலியானதும் செயின் ஆடியது என்றால், டென்ஷனரும் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். புது ஃபில்டர் அந்தக் குறையை மறைக்கிறது. அந்த ஒரு "டக்" எனக்குப் பிடிக்கவில்லை.

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் கிடைத்தால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலில், விவிடி வேலை செய்யாத நிலையில் இன்டேக் கேமின் உண்மைக் கோணத்தைப் பாருங்கள். எதிர்பார்த்ததற்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது?

#14 கிலுகிலுப்பை

நாலு வாரம் கழித்து. ஸ்கோப்ரசிகன் சார், உங்கள் வாயில் சர்க்கரை போடவா, மிளகாய் போடவா தெரியவில்லை. சத்தம் திரும்பிவிட்டது. ஒரு விநாடி, தினமும்.

ஸ்கேனர் இரவல் வாங்கிப் பார்த்தேன். கிராங்க் அளவில் 3.5 டிகிரி பின்தங்கல், ஐடிலில் நிலையாக. பிழைக் கோடு (code) எதுவும் சேமிக்கப்படவில்லை.

#15 ஸ்கோப்ரசிகன்

கேமும் கிராங்கும் ஒத்துப்போகாததற்கான கோடுகள் பி0016 முதல் பி0019 வரை. அவை எத்தனை டிகிரியில் விழும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் எஞ்சினுக்கு ஏற்ப வைத்திருக்கும். கோடு இல்லை என்பதால் தேய்மானம் இல்லை என்றாகாது, எல்லை இன்னும் தாண்டவில்லை, அவ்வளவே.

நல்ல செய்தி ஒன்று. உங்கள் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரத்தில்) 18 பல் என்று வைத்துக்கொண்டால், செயின் ஒரு பல் தாண்டினால் 20 டிகிரி தவறும். 3.5 என்பது பல் தாண்டியதல்ல, மெல்லத் தேய்ந்து சேர்ந்தது. நேரம் இருக்கிறது. ஆனால் கெடு வைத்த நேரம்.

#16 பழையஸ்பேனர்

இப்போது வால்வு கவரைத் திறக்கலாம். இதுவரை திறக்கச் சொல்லாததற்குக் காரணம், காரணமில்லாமல் திறந்த கவர் பிறகு ஆயில் கசியும் கவர்.

பார்க்க வேண்டியது: இரண்டு கேம்களுக்கு நடுவே மேல் கைடு இருந்தால் அதில் செயின் தடம் எவ்வளவு ஆழம். டென்ஷனரைப் பார்க்கத் தனித் துளை இருந்தால், பிளஞ்சர் எத்தனை ராட்செட் பல் வெளியே வந்திருக்கிறது. மேனுவலில் எல்லை எழுதியிருக்கும். கிராங்கைக் கையால் திருப்பும்போது எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். பின்னோக்கித் திருப்பினால் டென்ஷனர் பக்கம் விறைத்துப் பிளஞ்சரை உள்ளே தள்ளும், தொய்வு முழுக்க மறுபக்கம் குவியும், ராட்செட் இல்லாத அல்லது தேய்ந்த டென்ஷனராக இருந்தால் பல் தாண்டிவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும் வகை எஞ்சினாக இருந்தால் அதற்குப் பிறகு பேச்சே வேறு.

இதே காரணத்துக்காக இன்னொன்று. வேலை முடியும்வரை சரிவில் கியரில் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். வண்டியின் எடை கிராங்கைப் பின்னோக்கித் தள்ளினால் அதே ஆபத்து.

#17 மலைவண்டி

அய்யோ, நான் தினமும் சரிவில் கியர்லதான் விடுறேன்.

#18 அரைத்திருகு

மலைவண்டி, ஹேண்ட் பிரேக்கும் சேர்த்துப் போடுங்கள், இன்றிலிருந்து.

#19 கிலுகிலுப்பை

திறந்தாயிற்று. மேல் கைடில் செயினின் இரண்டு ஓரத் தகடுகளும் இரட்டைக் கோடு போட்டிருக்கின்றன, நகம் உள்ளே இறங்கும் ஆழம். டென்ஷனர் மேனுவல் சொல்லும் எல்லைக்கு ஒரு பல் முன்னால். ஆயில் பேனையும் இறக்கினேன். பம்புக்குப் போகும் ஆயிலை வடிக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சிம்புகள் மூன்று. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

முழுசாக மாற்ற முடிவு செய்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார், நான் உதவியாள். டென்ஷனர் மட்டும் மாற்றினால் போதுமா என்று அவர் கேட்கிறார்.

#20 பழையஸ்பேனர்

அந்தச் சிம்புகளைப் பார்த்த பிறகு போதாது. அவை ஸ்ட்ரெய்னரை அடைத்தால் எஞ்சினுக்கே ஆயில் போகாது, செயின் சத்தம் அப்புறம் உங்கள் கவலையாக இருக்காது.

செயின், எல்லாக் கைடுகள், டென்ஷனர், ஸ்ப்ராக்கெட்டுகள், முன் கவர் சீல். புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் போட்டால் பழைய பற்களின் வடிவம் புதுச் செயினைத் தின்னும். விவிடி சோலனாய்டின் சின்ன வலையைக் கழுவுங்கள். ஃபேசரைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பூட்டிய நிலையில் அசைந்தால் அதையும் மாற்றுங்கள். ஒரு தடவைதான் பயன்படுத்தலாம் என்று மேனுவல் சொல்லும் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்காதீர்கள். அவை இழுபட்டே பிடிப்பவை.

உங்கள் எஞ்சினில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவி (அச்சில் நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புக் கட்டை) உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல புதிய எஞ்சின்களில் கிடையாது. போல்ட்டின் முறுக்கும் இடையில் உள்ள உரசல் வாஷரும் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். அப்படியானால் கேமையும் கிராங்கையும் பூட்டும் கருவி இல்லாமல் போல்ட்டைத் தொடவே கூடாது. பெயின்ட் குறி வைத்துச் சமாளிக்கலாம் என்பவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கவருக்குப் பூசும் ஆர்டிவி பசையை மெல்லிய கோடாகப் போடுங்கள். உள்ளே பிதுங்கி விழும் பசையும் அதே ஸ்ட்ரெய்னருக்குத்தான் போய்ச் சேரும்.

#21 ஆயில்கேன்

புது டென்ஷனர் ஒரு பின் குத்தி அமுக்கி வச்சு வரும். செயின் போட்டதும் அந்த பின்னை உருவணும். நான் ஒரு தடவை உருவாம கவரை மூடிட்டேன். ஸ்டார்ட் பண்ணினதும் வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. உடனே நிறுத்தினதால வால்வு தப்பிச்சுது. மூடறதுக்கு முன்னாடி பின் கையில இருக்கான்னு எண்ணுங்க. இது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

#22 கிலுகிலுப்பை

வேலை நடுவில் இருந்து எழுதுகிறேன், அவசரம். செயினில் நிறம் பூசிய இணைப்புகளை ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருத்திப் போட்டோம். பின்னை உருவினோம், நான் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன் ஆயில்கேன் அண்ணா. கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றியதும் ஸ்ப்ராக்கெட் குறிகள் சரியாக நிற்கின்றன, ஆனால் நிற இணைப்புகள் எங்கேயோ போய்விட்டன! மறுபடி கழற்றணுமா?

#23 பழையஸ்பேனர்

கழற்றாதீர்கள்! எல்லாம் சரி. நிற இணைப்புகள் பொருத்தும்போது மட்டும்தான். செயினில் எத்தனை இணைப்பு?

#24 கிலுகிலுப்பை

140. கிராங்க் 18, கேம் 36.

#25 ஸ்கோப்ரசிகன்

நிறங்கள் மறுபடி மூன்று குறிகளிலும் சேர கேம் 35 சுற்று, கிராங்க் 70 சுற்று ஆகும். அதற்குள் செயின் ஒன்பது தடவை வலம் வந்திருக்கும். ஸ்பேனர் பிடித்து 70 சுற்று சுற்றுவதற்குப் பதில் கவரை மூடுங்கள்.

#26 கிலுகிலுப்பை

முடிந்தது.

இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுழற்றினோம். பிறகு ஃபியூஸ் போட்டு ஸ்டார்ட். காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றோம். ஒன்றும் இல்லை. இன்றோடு பன்னிரண்டு காலை, ஒரு "டக்" கூட இல்லை. ஸ்கேனரில் பின்தங்கல் 0.3 டிகிரி.

நாலாவது நாள் மட்டும் ஒரு அதிர்வுச் சத்தம் கேட்டு உயிரே போய்விட்டது. ஹீட் ஷீல்டு போல்ட்டை நான்தான் முறுக்காமல் விட்டிருக்கிறேன். அரைத்திருகு அண்ணா, உங்கள் பட்டியலில் இருந்தது.

பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பழையது 2 மிமீ மட்டும் கீழே தொங்குகிறது. இதற்கா இவ்வளவு பாடு? அந்த 2 மிமீ உண்மையிலேயே செயினை மாற்றும் அளவா?

#27 ஸ்கோப்ரசிகன்

வளையமாகத் தொங்கவிட்டால் தெரிவது பாதிதான். உண்மையான வித்தியாசம் 4 மிமீ. இணைப்புக்கு 8 மிமீ என்று கொண்டால் மொத்த நீளம் 1,120 மிமீ, ஆக 0.36 சதவீதம். செயின் "நீண்டது" என்கிறோமே தவிர இரும்பு இழுபடவில்லை. 140 மூட்டுகளில் ஒவ்வொன்றும் சுமார் 0.03 மிமீ தேய்ந்தது, அவ்வளவுதான். தலைமுடியைவிட மெல்லிய தேய்மானம், 140 தடவை கூட்டப்பட்டது.

இப்போது சுவையான கணக்கு. கிராங்கிலிருந்து கேம் வரை இழுப்புப் பக்கம் சுமார் 50 இணைப்பு, 400 மிமீ என்று எடுங்கள். அதில் 0.36 சதவீதம் 1.4 மிமீ. கேம் ஸ்ப்ராக்கெட்டின் சுற்றளவு 36 பெருக்கல் 8, 288 மிமீ. 1.4 மிமீ தளர்ந்தால் கேம் 1.8 டிகிரி பின்தங்கும், கிராங்க் அளவில் 3.6. உங்கள் ஸ்கேனர் சொன்னது 3.5. கவரைத் திறக்கும் முன்பே அது செயினை அளந்து சொல்லிவிட்டது.

#28 அரைத்திருகு

கணக்கு அழகு. ஆனால் 0.36க்கு நான் செயினை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். பல எஞ்சின்களில் 0.5 வரை தாக்குப்பிடிக்கும் செயின்களைப் பார்த்திருக்கிறேன், சத்தமே இல்லாமல். இங்கே சத்தத்தைக் கொடுத்தது ஆயிலைப் பிடிக்காத டென்ஷனரும் குழிந்த கைடும். செயின் கூட்டாளி.

#29 ஸ்கோப்ரசிகன்

கைடு குழிந்ததும் கேமை அதே திசையில்தான் பின்தள்ளும். ஆகவே அந்த 3.5இல் கைடின் பங்கும் கொஞ்சம் இருக்கும். நான் செயினுக்கே முழுசும் எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் கிட்டாக மாற்றியது சரிதான் என்பதில் நாம் இருவரும் ஒன்று.

#30 பழையஸ்பேனர்

பழைய டென்ஷனரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் ஆயிலில் முக்கி, பிளஞ்சரை நாலைந்து தடவை அமுக்கி நிரப்பி, பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். நல்லது கல் மாதிரி நிற்கும்.

#31 கிலுகிலுப்பை

இருக்கிறது. இப்போதுதான் செய்து பார்த்தேன். கிரீஸ் துப்பாக்கி மாதிரி நுனியில் ஆயில் பிதுங்கிக்கொண்டு மெத்தென்று உள்ளே போகிறது. புதுசுக்கு வந்த பின்னை இதற்குக் குத்தி மேஜையில் வைத்திருக்கிறேன்.

#32 புதுவரவு77

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் வண்டியில் காலையில் சத்தமே இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு சிக்னலில் நிற்கும்போதுதான் கடகடக்கிறது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நின்றுவிடும். இதே ஃபில்டர் வைத்தியம் செய்யலாமா?

#33 பழையஸ்பேனர்

வேண்டாம். சூடான பிறகு ஐடிலில் வருவது வேறு வழக்கு. ஆயில் இளகி, பிரஷர் விழும்போது வருகிறது. ஃபேசராகவும் இருக்கலாம், பேரிங் தேய்ந்து பிரஷரே இல்லாமலும் இருக்கலாம். லெவல் பாருங்கள். பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் சூடாக இருக்கும்போது ஐடிலில் எவ்வளவு என்று அளந்து, மேனுவல் எண்ணையும் பக்கத்தில் எழுதிப் புது இழை தொடங்குங்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.